காதுக்குள் இருக்கும் நன்னூல்

இந்த ஆறு சொற்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: கொணிவு, மெழுவை, தகிணல், ழாகெப், ங்கோமுட், பிளிஸ்க்டு.

ஆறும் நான் உட்கார்ந்து செய்தவை. எந்த அகராதியிலும் கிடையாது. ஆனாலும் முதல் மூன்றைக் கேட்கும்போது, ‘இது தமிழ்ச் சொல்தான், நமக்குத்தான் பொருள் தெரியவில்லை’ என்று தோன்றும். நான்காவதிலும் ஐந்தாவதிலும் நாக்கே முரண்டு பிடிக்கும். கடைசியைக் கேட்டால் ஏதோ இங்கிலீஷ் என்று ஒதுக்கிவிடுவோம். பொருளே இல்லாத சொல்லுக்கு எந்த ஊர் என்று நம்மால் சொல்ல முடிகிறது. இந்தத் திறமையைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா பிள்ளைகள் லீவுக்குத் திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டுக்கு வந்திருந்தபோது இதையே விளையாட்டாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லாகச் சொல்வேன். ‘இருக்கும்’, ‘இருக்காது’ என்று கத்த வேண்டும். “கொணிவு?” “இருக்கும் மாமா!” “அப்படின்னா என்னல?” சின்னவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை: “குனிஞ்சிக்கிட்டே இருக்கது.” பெரியவள், “இல்ல மாமா, அன்பா இருக்கது” என்றாள். ஒருத்தன் காதில் குனிவு விழுந்திருக்கிறது, ஒருத்தி காதில் கனிவு. ‘ங்கோமுட்’டுக்கு இருவரும் சேர்ந்து ‘இருக்காது’. இத்தனைக்கும் வியட்நாமில் மிகப் பரவலான குடும்பப் பெயரே ‘ங்’ ஒலியில்தான் தொடங்குகிறது. அந்த ஊர்ப் பிள்ளைக்கு அது அம்மா அப்பா பெயர். நம் பிள்ளைக்கு அது சொல்லாகவே படவில்லை.

மறுநாள் காலையில், “நேத்து என்னென்ன சொல்லு சொன்னேன், சொல்லுங்க பாப்போம்” என்றேன். மெழுவை அப்படியே வந்தது. கொணிவு ‘துணிவு’ ஆகியிருந்தது. பிளிஸ்க்டு ‘பிளிஸ்கட்டு’ என்று வந்து, அடுத்த வாயில் பிஸ்கட்டாகவே ஆகிவிட்டது. ழாகெப் யாருக்கும் நினைவில் இல்லை.

இதில் இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று, கேட்ட மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்வது. இன்னொன்று, கேட்டதை ஞாபகத்தில் வைப்பது. இரண்டையும் ஒரே சட்டம்தான் ஆள்கிறது என்பது என் எண்ணம். அந்தச் சட்டத்தை நம் ஆட்கள் எழுதி வைத்துப் பல நூற்றாண்டு ஆகிறது.

பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு மொழிமுதல் எழுத்து, மொழி இறுதி எழுத்து, மெய்ம்மயக்கம் என்ற மூன்று தலைப்புகள் ஞாபகம் இருக்கலாம். பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு நாம் மறந்த பகுதி. எந்த எழுத்தில் சொல் தொடங்கலாம், எந்த எழுத்தில் முடியலாம், நடுவில் எந்த மெய்க்குப் பின்னால் எந்த மெய் வரலாம் என்று தொல்காப்பியம் கணக்காகச் சொல்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் அதையே தம் காலத்துக்கு ஏற்பத் திருத்திச் சொல்கிறார். சொல்லின் கடைசியில் வரக்கூடியவை என்று நன்னூல் தரும் கணக்கு 24: உயிர் 12, மெய் 11, குற்றியலுகரம் 1. அந்தப் பதினொரு மெய்யில் க், ச், ட், த், ப், ற் ஒன்றுகூட இல்லை. வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. ழாகெப்பும் ங்கோமுட்டும் அங்கேயே விழுந்துவிட்டன. ழகரம் சொல்லுக்கு முதலில் வராது. ஙகரத்தில் தொடங்குவதை நன்னூல் ஒப்புக்கு ஏற்றாலும், நடப்பில் அப்படி ஒரு சொல்லை யாரும் பேசுவதில்லை. அக்கா பிள்ளைகள் நன்னூல் படித்ததில்லை. அந்த நூலின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் சொன்ன தீர்ப்பும் பவணந்தியார் சொன்ன தீர்ப்பும் ஒன்றாக இருந்தன.

எப்போது இது காதுக்குள் ஏறுகிறது? பீட்டர் ஜஸ்சிக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1993ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இங்கிலீஷ் கேட்டு வளரும் குழந்தைக்கும் டச்சு கேட்டு வளரும் குழந்தைக்கும் இரண்டு மொழிச் சொற்களையும் போட்டுக் காட்டினார்கள். ஆறு மாதக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்பது மாதத்தில், தன் மொழியின் ஒலிக்கோப்பு உள்ள சொற்களைக் கூடுதல் நேரம் காது கொடுத்துக் கேட்கிறது. இன்னும் ‘அம்மா’ என்று ஒழுங்காகச் சொல்ல வராத வயசு. அதற்குள் மெய்ம்மயக்கம் பாதி படித்தாயிற்று.

இதைவிட என்னை உலுக்கிய ஆய்வு 1999ல் வந்தது. எமானுவேல் டுப்பூ குழுவினர் ஜப்பானியர்களுக்கு ‘எப்ஸோ’ மாதிரியான பொய்ச் சொல்லைக் கேட்கவைத்தார்கள். ஜப்பானிய மொழியில் அப்படி இரண்டு மெய் ஒட்டி வராது. கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் ‘எபுஸோ’ என்றே காதில் விழுந்தது. ஒலிப்பதிவில் இல்லாத உகரத்தை அவர்கள் கேட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அந்த உகரம் கேட்கவில்லை. ஆக, வாய் திணறுவது மட்டும் விஷயமில்லை. காதே திருத்திக் கேட்கிறது. எங்கள் பக்கத்துப் பெரியவர் ‘இஸ்கூலு’ என்றால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை என்று பேரப்பிள்ளை சிரிக்கிறது. அவர் காதில் முதலிலேயே ஒரு இகரம் கேட்டிருக்கக்கூடும் என்று நான் நினைக்கிறேன்.

அந்த இகரம் வருவதிலும் ஒழுங்கு உண்டு. ராமன் இராமன் ஆகிறான், லாபம் இலாபம் ஆகிறது. ஆனால் லோகம் இலோகம் ஆவதில்லை, உலோகம். ரோமம் உரோமம். பின்னால் ஓகாரம் வந்து உதடு குவிகிறது என்றால், முன்னால் வரும் துணை உயிரும் உதடு குவியும் உகரமாகவே வருகிறது. ரங்கம் என்பதற்கு அரங்கம். நன்னூலும் ரகரத்துக்கு முன்னால் அ, இ, உ மூன்றும் வரலாம் என்று இதைக் குறித்து வைத்திருக்கிறது. கூட்டம் போட்டு முடிவெடுத்த மாதிரி எல்லாரும் ஒரே திருத்தத்தைச் செய்திருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்குத் தெற்கே திசையன்விளைப் பக்கம் இடையன்குடி இருக்கிறது. ராபர்ட் கால்டுவெல் 1841ல் வந்து அரை நூற்றாண்டு வாழ்ந்த ஊர். 1856ல் வந்த அவருடைய ஒப்பிலக்கணத்தைத் திராவிட மொழிக் குடும்பத்தை நிறுவிய நூல் என்று எல்லாரும் சொல்வோம். அதற்குள் இருக்கும் ஒரு சின்ன விதியைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தமிழில் க, ட, த, ப எல்லாம் சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்து வந்தாலும் அதிர்வில்லாமல் ஒலிக்கும். உயிர்களுக்கு நடுவில் தனியாக வந்தாலும், மெல்லினத்துக்குப் பின்னால் வந்தாலும் தொண்டை அதிர ஒலிக்கும். இதுதான் விதி. அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று தந்தம். வடமொழியில் முதல் தகரம் அதிரும், நடுவில் வருவது அதிராது. தமிழில் இரண்டும் அப்படியே தலைகீழாக மாறிவிட்டன. இன்னொன்று பாக்கியம். அங்கே அதிர்ந்த பகரமும் ககரமும் இங்கே வந்ததும் அதிர்வை இழந்தன. ககரம் இரட்டித்தும் போனது.

சொன்னவர் காது அயல்நாட்டுக் காது என்பதால்தான் இது அவருக்குக் கேட்டது என்று நினைக்கிறேன். நமக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. பஸ்ஸில் கண்டக்டர் பேசுவதைக் கவனியுங்கள். சீட்டு, ரேட்டு, நோட்டு, பைப்பு, கேக்கு எல்லாம் இரட்டிக்கும். ஆனால் ரோடு, லோடு இரட்டிக்காது. இங்கிலீஷில் டகரம் அதிர்ந்தால் ஒற்றை, அதிராவிட்டால் இரட்டை. எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எந்தக் கமிட்டியும் தீர்மானிக்கவில்லை. நேற்று வந்த இங்கிலீஷ் சொல்லுக்கும் கால்டுவெல் விதிப்படியே தமிழன் உரு கொடுக்கிறான். வெள்ளைக்காரர்களும் இதையேதான் செய்தார்கள். திருநெல்வேலி அவர்கள் காதில் டின்னவெல்லி ஆனது, தூத்துக்குடி டூட்டிகொரின் ஆனது. அவர்கள் செய்ததை ஆவணம் என்றும், நம் ஆச்சிமார் செய்வதைப் படிப்பில்லாத பேச்சு என்றும் நாமே பிரித்துவிட்டோம். அதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

சட்டம் என்றதும் கல்லில் வெட்டியது என்று நினைக்க வேண்டாம். தொல்காப்பியத்தின்படி ‘ச’ என்ற எழுத்தே சொல்லுக்கு முதலில் வராது (அந்த நூற்பாவில் பாடவேறுபாடு பற்றிய வழக்கு ஒன்று உண்டு, அது தனியாகப் பேச வேண்டியது). நன்னூலில் அந்தத் தடை இல்லை. சட்டி, சண்டை, சரி இல்லாமல் இன்று ஒரு வீடு நடக்குமா? டகரமும் ரகரமும் லகரமும் முதலில் வராது என்றது சட்டம். டீயும் ரோடும் லாரியும் வந்த பிறகு அந்தத் தடையும் காதில் தளர்ந்துவிட்டது. ஆனால் ஒன்று கவனித்தேன். சொல்லின் முதலெழுத்து பற்றிய விதிகள் சீக்கிரம் தளர்கின்றன. நடுவில் மெய்யும் மெய்யும் மயங்கும் விதிகள் லேசில் தளர்வதில்லை. ‘லாரி’யை ‘இலாரி’ என்று சொல்லும் ஆள் இன்று கிடையாது. ‘பிலிம்’மை லகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவில் வரும் இகரம் இல்லாமல் சொல்லும் ஆளை எங்கள் தெருவில் தேடத்தான் வேண்டும்.

இது வடிவத்தின் கதை. ஒலிக்கே ஒரு தொடு உணர்ச்சி இருக்கிறது என்பது அடுத்த கதை. இதில் தமிழர்களுக்கு நேரடிப் பங்கு உண்டு.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவுக்குப் போன வி.எஸ். ராமச்சந்திரன் 2001ல் எட்வர்ட் ஹப்பார்டுடன் சேர்ந்து எழுதிய ஆய்வில் இரண்டு படங்கள் வருகின்றன. ஒன்று முனை முனையாகக் கூர்ந்தது. மற்றது மேகம் மாதிரி வளைந்தது. இதில் எது கிக்கி, எது பூபா? அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடமும் இந்தியாவில் தமிழ் பேசுகிறவர்களிடமும் கேட்டார்கள். இரு பக்கத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கூரானதுதான் கிக்கி என்றார்கள். இதற்கு முன்னோடி உல்ப்காங் கோலர் 1929லேயே செய்த சோதனை. பிறகு 25 மொழிகளில் 917 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் மொத்தத்தில் 72 சதவீதம் பொருந்தியது. ஆனால் துருக்கி, ருமேனிய, சீன மொழிக்காரர்களிடம் பாதிக்கும் கீழே போனது. உலகம் முழுக்க ஒரே காது என்று சொல்லிவிட முடியாது. ஒரு பொதுச் சாய்வு இருக்கிறது, அதை ஒவ்வொரு மொழியும் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது.

அந்தச் சொல்லைத் தமிழில் எழுதும்போது என் பேனா தானாகவே ‘கிக்கி’ என்று இரட்டித்துவிட்டது. ‘கிகி’ என்று எழுதினால் கால்டுவெல் விதிப்படி நடு ககரம் அதிர்ந்து குழைந்துவிடும். கூர் மழுங்கிப் போகும். கூர்மை வேண்டுமென்றால் தமிழில் வல்லினம் மிக வேண்டும். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எழுத்துக்கு வைத்த பெயர்களே கை வைத்துத் தடவிப் பார்த்து வைத்த பெயர்கள்தானே. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் 20 வண்ணங்களில் வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம் என்றே இரண்டு இருக்கின்றன.

இரட்டைக்கிளவிகளைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாருங்கள். வழவழ, கொழகொழ, குழகுழ, கொழுகொழு, மொழுமொழு. எல்லாவற்றிலும் ழகரம், எல்லாம் வழுக்குவது, குழைவது, திரண்டு மெத்தென்று இருப்பது. இன்னொரு பக்கம் சொரசொர, கரகர, முரமுர, மொறுமொறு, நறநற. கரடு, முரடு. எல்லாம் ரகரம், றகரம். கையில் உறுத்துவது, பல்லில் நொறுங்குவது. விதிவிலக்குகள் இருக்கும், ஆனால் சாய்வு தெளிவாகத் தெரிகிறது. போடோ வின்டரும் மற்றவர்களும் 2022ல் 332 மொழிகளைத் துழாவி, நாக்கு துடிக்கும் ரகரம் உள்ள மொழிகளில் ‘சொரசொரப்பு’ என்ற பொருளுடைய சொற்களில் ரகரம் தூக்கலாக வருகிறது என்று காட்டினார்கள். அந்தக் கட்டுரையைப் பற்றிப் படித்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, பேராச்சியம்மன் கோயில் படித்துறையில் பாசி பிடித்த கல்லுக்கும் பாசி பிடிக்காத கல்லுக்கும் எங்கள் பெண்கள் சொல்லும் இரண்டு வார்த்தைகள்தான்: வழவழன்னு, சொரசொரன்னு.

அன்று அக்கா பிள்ளைகளிடம் இன்னொன்றும் கேட்டேன். ‘நொழுநொழு’, ‘தொறுதொறு’ — இதில் எது அல்வா, எது முறுக்கு? இருவரும் ஒரே குரலில் சொன்ன பதிலை நான் எழுத வேண்டியதில்லை.

செய்த சொல்லை நாம் அன்றாடம் வாயில் உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறோம் என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை. காபி கீபி, பாம்பு கீம்பு, பல்லு கில்லு. கீபி என்றால் என்ன? ஒன்றுமில்லை. ஆனால் முதல் உயிர் நெடிலாக இருந்தால் கீ, குறிலாக இருந்தால் கி. மாத்திரை பிசகுவதே இல்லை. எலினோர் கீன் என்ற ஆய்வாளர் 2001ல் ஆக்ஸ்போர்டில் தமிழின் இந்த எதிரொலிச் சொற்களுக்காகவே முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார். கிளி என்ற சொல்லுக்கு எதிரொலி கேட்டுப் பாருங்கள். ‘கிளி கிளி’ என்றால் எதிரொலியாகவே இருக்காது. எவ்வளவு பெரிய வாயாடியும் அந்த இடத்தில் ஒரு நொடி நிற்பார். விதி இருப்பது, அது முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் நன்றாகத் தெரிகிறது.

இனி ஞாபகம். நினைவாற்றலை முதன்முதலில் அளக்கப் புறப்பட்ட ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹாஸ், பொருள் உள்ள சொற்கள் கணக்கைக் கெடுக்கும் என்று சுமார் 2,300 பொருளற்ற அசைகளைச் செய்துகொண்டார். 1885ல் வந்த அவர் நூலில், அப்படிச் செய்தும் சில வரிசைகள் எளிதில் ஏறுகின்றன, சில ஏற மறுக்கின்றன, ஏனென்று புரியவில்லை என்று அவரே வியக்கிறார். நூறு வருஷம் கழித்து அதற்குப் பதில் கிடைத்தது. சூசன் கேதர்கோல், ஆலன் பேட்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள், பொய்ச் சொல்லைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லும் நாலு வயதுப் பிள்ளை அடுத்த வருஷம் அதிகச் சொல்வளத்தோடு இருக்கிறது என்று 1989ல் காட்டினார்கள். 1995ல் கேதர்கோல் இன்னொன்று சேர்த்தார்: எல்லாப் பொய்ச் சொல்லும் ஒன்றில்லை, தாய்மொழிச் சாயலில் இருக்கும் பொய்ச் சொல்லைப் பிள்ளைகள் எளிதாகத் திருப்பிச் சொல்கிறார்கள். மெழுவை நின்றதும் ழாகெப் போனதும் அதனால்தான்.

இதை நம் பாட்டுக்காரர்களும் தாளக்காரர்களும் ஆய்வுக்கூடம் இல்லாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். அருணகிரிநாதர் திருப்புகழுக்குச் சந்தக் குழிப்பு சொல்லும் அசைகளைப் பாருங்கள்: தத்த, தந்த, தன்ன, தய்ய, தான. ஒன்றுக்கும் பொருள் கிடையாது. ஆனால் த்த, ந்த, ன்ன, ய்ய எல்லாமே மெய்ம்மயக்கச் சட்டத்துக்குள் அடங்கியவை. எங்கள் பக்கத்துச் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 26 வயதில் போய்ச் சேர்ந்தார். அவர் காவடிச்சிந்து இன்னும் எழுத்துத் தெரியாதவர் வாயிலும் நிற்கிறதென்றால், முதலில் நின்றது அந்தத் தந்தத் தனதான எலும்புக்கூடுதான். தாளத்தை வாயால் சொல்லும் சொற்கட்டிலும் அப்படியே. மூன்றுக்குத் தகிட, நாலுக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிடதகதிமி. ததிங்கிணதொம் என்று முடியும்போது ங் பின்னால் க வருகிறது, கடைசியில் மகர மெய் வருகிறது. பவணந்தியார் கையெழுத்துப் போட்டு அனுப்பிய மாதிரி இருக்கிறது. தவில் படிக்கும் பொடியன் வாத்தியத்தைத் தொடும் முன்பே வாயால் படித்துவிடுவதற்கு, அவன் நாக்குக்கும் காதுக்கும் பழகிய அச்சில் அந்தச் சொற்களைச் செய்து வைத்ததுதான் காரணம்.

காதை மிரட்ட வேண்டுமென்றால் இதையே மாற்றிச் செய்யலாம். 2015ல் வந்த பாகுபலி படத்தில் காலகேயர் என்ற கூட்டத்துக்காக மதன் கார்க்கி கிளிக்கி மொழியைச் செய்தார். சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். நாக்கைச் சொடுக்கும் ஒலிகள் அதில் உண்டு. கேட்டதும் ‘இவன் நம்ம ஆள் இல்லை’ என்று தியேட்டரில் எல்லாருக்கும் புரிந்தது.

இவ்வளவும் எனக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது என்றால், உயிர் போகிற இடம் ஒன்று இதில் இருக்கிறது. மருந்துப் பெயர்கள்.

மருந்தின் பொதுப் பெயர்கள் முழுக்க முழுக்கச் செய்த சொற்கள். உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் அதற்கு முறை வைத்திருக்கிறது. ஒரே குடும்பத்து மருந்துகளுக்கு ஒரே வால்: டெல்மிசார்டன், லோசார்டன், அட்டினோலால், மெட்டோபிரோலால். எந்த நாட்டுக்காரர் காதிலும் குழப்பமில்லாமல் விழ வேண்டும் என்றும் அந்த விதிகள் கேட்கின்றன. ஆனால் எந்த நாட்டுக்காரர் காதும் வெறுங்காது இல்லை.

வண்ணார்பேட்டையில் செல்லப்பாண்டியன் சிலையிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஆஸ்பத்திரிகள், அவற்றை ஒட்டி மெடிக்கல்கள். சாயங்காலம் அங்கே கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

“ஏய்யா, அம்முலோடி ஒரு அட்ட குடு.”

“அஞ்சா, ரெண்டரையா ஆச்சி?”

“சின்னதுய்யா. காலம்பற போடுதது.”

அம்லோடிபின் என்பதில் மகர மெய்க்குப் பின்னால் லகரம் வருகிறது. மகர மெய்க்குப் பின்னால் ப, ய, வ மூன்றும்தான் மயங்கும் என்பது நன்னூல். ஆகவே ஆச்சி நடுவில் ஓர் உகரம் வைத்துச் சரிசெய்துகொண்டார். டெல்மிசார்டனிலும் இதே சிக்கல். லகர மெய்க்குப் பின்னால் மகரம் தமிழில் நிற்காது. நல்+மை நன்மை ஆனது அதனால்தான். அதைப் பலர் டெலுமி என்பார்கள். ஆனால் மெட்பார்மின்? ட் பின்னால் ப வரலாம், நட்பு இருக்கிறது. ர் பின்னால் ம வரலாம், நேர்மை இருக்கிறது. கடைசியில் ன் வரலாம். எழுத்துக்கு எழுத்து சட்டத்துக்கு உட்பட்ட சொல். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஆச்சிமாரும் மெட்பார்மினை மெட்பார்மின் என்றே சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அட்டோர்வாஸ்டாட்டினில் ‘அட்டோர்வா’ வரைக்கும் சுத்தமாக வரும். ர்வ என்பதற்குப் பார்வையும் சோர்வும் துணை. பேண்டோபிரசோல் ரொம்ப நீளம். அதைக் கைவிட்டு ‘கேஸ் மாத்திரை’ என்றுவிடுவார்கள்.

ஆக, ஆச்சி தப்பாகச் சொல்லவில்லை. கவுன்ட்டரில் நிற்கும் பையன் சிரித்தால் அவனுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, இந்தச் சட்டத்தை வைத்து எங்கே ஆபத்து என்று முன்கூட்டியே சொல்ல முடியும். நம் ஆட்கள் சொல்லின் தலையை வைத்துக்கொண்டு வாலை விட்டுவிடுகிறார்கள். தலை ஒத்துப்போகும் இரண்டு மருந்து ஒரே வீட்டில் இருந்தால் அங்கே கவனம் வேண்டும். ஹைட்ரலசின் என்பது ரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் என்பது அரிப்புக்கு. இங்கிலீஷ்காரர்களே இரண்டையும் மாற்றிக் கொடுத்துக் கெட்ட பெயர் வாங்கிய ஜோடி. உலக சுகாதார நிறுவனம் 2007ல் நோயாளிப் பாதுகாப்புக்காகச் சொன்ன ஒன்பது வழிமுறைகளில் முதலாவதே, பார்க்கவும் கேட்கவும் ஒத்திருக்கும் மருந்துப் பெயர்களைப் பற்றியது. துணிவும் கொணிவும் குழம்பினால் சிரிக்கலாம். இங்கே அப்படி விட முடியாது.

நம் ஊரில் பெரும்பாலான அட்டைகளில் பெயர் இங்கிலீஷில் இருக்கிறது, சிலவற்றில் இந்தியிலும். தமிழில் அச்சிடட்டும், கட்டாயம் வேண்டும். ஆனால் எழுத்துப்பெயர்ப்பு மட்டும் போதாது. மாத்திரையைக் கவரில் போடும்போது பெயரைச் சொல்லி, ‘நீங்க ஒருதரம் சொல்லுங்க ஆச்சி’ என்று திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். அவர் வாயில் எப்படி வருகிறதோ, அதையும் அச்சிட்ட பெயருக்குப் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிட வேண்டும்: அம்லோடிபின் — அம்முலோடி — பிபி — காலை. அடுத்த மாதம் பேரன் வந்து வாங்கினாலும், வேறு டாக்டர் பார்த்தாலும், வீட்டில் புழங்கும் பெயர் எந்த மருந்தைக் குறிக்கிறது என்பது கவரிலேயே இருக்கும். இதற்குச் செலவு கிடையாது. வயசானவர் இருக்கும் வீட்டில் இதை நாமே இன்றைக்கு உட்கார்ந்து செய்துவிடலாம். டப்பாவில் இருக்கும் ஒவ்வோர் அட்டையையும் எடுத்து, ‘இதுக்கு என்ன பேரு சொல்லுவீங்க?’ என்று கேட்டு எழுத ஒரு சாயங்காலம் போதும். ஒரே பெயரில் இரண்டு அட்டை வந்தால் அவற்றை முதலில் தனித்தனி டப்பாவில் பிரித்து வையுங்கள்.